விசாரணை அறையில் எனக்கு வார்த்தை தந்தவர்

பிரியமானவர்களே, 1999ஆம் ஆண்டு தவக்காலத்தில் என்மேல் திருட்டுப் பழி விழுந்தது. நான் திருடியதாகச் சொன்னது ஒரு கட்டுரையை.

அப்போது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ரிச்சர்ட்சனில் இருந்தோம். கணவர் டெலிகாம் இன்ஜினியர். நான் யுனிவர்சிட்டியில் சர்வதேச உறவுகள் படித்தேன். "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்காத தமிழர் இல்லை. அந்தத் துறையில் நன்றாகப் படிப்பவர்களுக்கு ஒரு ஹானர் சொசைட்டி உண்டு. அதில் சேர எனக்கு மார்க் இருந்தது. ஓர் ஆய்வுக் கட்டுரையும் கொடுக்க வேண்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் போட்ட எல்லைக்கோட்டைப் பற்றி எழுதினேன். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான், மீன்பிடிக்கப் போன என் அண்ணன் சேவியர் சுடப்பட்டான். உடல்கூடக் கரைக்கு வரவில்லை. கட்டுரையில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத முடியவில்லை.

பேராசிரியர் கூப்பிட்டார். "வகுப்பில் நீ வாயே திறப்பதில்லை. இது உன் இங்கிலீஷ் இல்லை. யார் எழுதிக் கொடுத்தது?" என்றார். விசாரணை வைத்தார்கள். பழி உறுதியானால் சொசைட்டி மட்டுமல்ல, படிப்பே போய்விடும்.

வீட்டுக்கு வந்து அழுதேன். "நீதானே எழுதுன? எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு" என்றார் கணவர். பேராசிரியர் கேட்டதைவிட அது சுட்டது.

செபக் குழுவுக்குப் போனேன். அதை நடத்திய அங்கிள், "தப்பு பண்ணியிருந்தா ஒத்துக்கம்மா. ஸாரி சொன்னா விட்டுருவாங்க. நம்ம கம்யூனிட்டி பேரும் கெடாது" என்றார். நியாயம் கிடைக்கச் செபிக்கக் கேட்டேன். நான் மனந்திரும்பச் செபித்து அனுப்பினார்கள்.

பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து கடவுளோடு சண்டை போட்டேன். "அண்ணன் உயிரோட வரணும்னு கதறினேன், நீர் தரல. இப்ப என் வாயையாவது தொறந்து விடும்." அவ்வளவுதான் என் செபம். அதில் பக்தி இல்லை, கோபம்தான் இருந்தது.

விசாரணை அறையில் மூன்று பேராசிரியர்கள். அவர்களில் ஓர் அம்மையார் கேட்டார்: "இந்தக் கோடு கடலில் எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனால்தான் என் அண்ணன் செத்தான்" என்றேன்.

அதன்பின் நான் நிறுத்தவில்லை. ஒப்பந்தம், மீனவர் உரிமை, ரோந்துப் படகு எல்லாம் பேசினேன். எங்கிருந்து அந்த இங்கிலீஷ் வந்ததென்று இன்றுவரை தெரியாது. அம்மையார் பேனாவை மூடிவைத்தார். "இது இவள் எழுதியதுதான்" என்றார். மற்ற இருவரும் தலையசைத்தார்கள்.

மே மாதம் சொசைட்டியில் சேர்த்தார்கள். பழி சொன்ன அதே பேராசிரியர்தான் சொசைட்டியின் அடையாளமான பட்டுக் கயிற்றை என் கழுத்தில் போட்டார். பெயரைத் தப்பாக வாசித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. செபக் குழுவினர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "எல்லாம் நம்ம ப்ரேயர்தான்" என்றார் அங்கிள். கணவர் சிரித்தபடி நின்றார். நானும் சிரித்துவைத்தேன்.

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் கசப்பு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அண்ணனை உயிரோடு கேட்டேன், அவன் சாவைப் பேச வாய் கிடைத்தது. ஏன் அப்படி என்று கடவுளிடம் இன்னமும் கேட்கிறேன்.

இப்போது, அடைக்கலம் கேட்டு வரும் இலங்கைத் தமிழர்களுக்கு விசாரணைகளில் மொழிபெயர்க்கிறேன். "நாங்க சொல்றத நம்புவாங்களாம்மா?" என்று கேட்கிறார்கள். உத்தரவாதம் தர என்னால் முடியாது. பக்கத்தில் உட்காருகிறேன்.

உங்கள் வீட்டாரே உங்களை நம்பாத நாள் வரலாம். அன்று அவரிடம் போங்கள். கோபத்தோடு என்றாலும் போங்கள். அவர் கேட்பார்.