காஜா பெராங் ஹாலில் மலாய் வகுப்பு தொடங்கிய கதை

1. முதல் சனிக்கிழமை

மலாயா சுதந்திரம் அடைவதற்கு முந்திய வருஷம், மலாக்கா காஜா பெராங்கில் இருந்த எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் என்னை வாலிபர்களுக்கான ஊழியராக நியமித்தார்கள். ஆறு மாதத் தவணை. வேலை பிடித்தால் நீட்டிப்பு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று செயலாளர் தேவதாசன் சொன்னார். அவர் ரயில்வேயில் சீஃப் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சபைக் கமிட்டியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எனக்கு வயது இருபத்து நான்கு. கான்வென்ட்டில் படித்தவள். பேச்சும் பாட்டும் நன்றாக வரும். அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹாலைக் கழுவி, சுண்ணாம்பு அடித்தேன். யாரோ கொடுத்த பழைய பிங்-பாங் மேசையைச் செப்பனிட்டேன். ஜன்னல்களுக்குத் திரை தைத்தேன். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். டவுன் பிள்ளைகள் பதினைந்து பேர். மற்ற மூவரும் ஏழு மைல் தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த பெண்கள். காலையில் பால்மரம் கீறி, பால் நிறுத்துக் கொடுத்து, குளித்துவிட்டு லாரியில் ஏறி வந்திருந்தார்கள்.

நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராக எழுந்து பெயர், படித்த பள்ளி, சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதிய வருஷம் மூன்றையும் இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன். கான்வென்ட்டில் அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். டவுன் பையன் சாமுவேல் ஒரு சிறு பிரசங்கமே செய்தான். அடுத்து தோட்டத்துப் பெண் ராகேல் எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். கூட வந்த இருவரும் அவள் பின்னாலேயே போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. "எஸ்டேட் பிள்ளைங்க அப்படித்தான், மிஸ். நிலைச்சு நிக்க மாட்டாங்க" என்றார் தேவதாசன். நான் தலையாட்டினேன். ஆனால் அன்று வட்டத்தில் என் பக்கத்தில் இருந்தவள் ராகேல். சாமுவேல் பேசும்போதே அவள் வாசலைப் பார்த்ததை நான் கவனித்திருந்தேன்.

2. லயத்தில்

மூன்றாவது வாரம் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். பஸ் நின்ற இடத்திலிருந்து செம்மண் பாதையில் ஒன்றரை மைல் நடை. லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளில், தன் வீட்டு வாசலில் ராகேல் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, "வாங்க டீச்சர்" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்பு, ராகேல். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்" என்றேன்.

அவள் துணியைப் பிழிந்து போட்டுவிட்டுத்தான் பேசினாள். "பேரு கேட்டீங்க, சொல்லியிருப்பேன், அக்கா. ஸ்கூல் பேருக்கு நான் எங்க போறது? தோட்டத்து ஸ்கூல்ல ஆறாவதோட நின்னுட்டேன்."

"இனிமே அப்படிக் கேட்க மாட்டேன். திரும்பி வருவியா?"

"வந்து என்ன செய்யறது? பிங்-பாங் அடிக்கவா லாரி ஏறி வரணும்?"

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கேட்டேன். "சரி, என்ன இருந்தா வருவ?"

அவள் அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "மலாய் சொல்லிக்குடுங்க. கடையில பேசற மலாய் இல்ல, ஆபீஸ்ல பேசற மலாய். ஆஸ்பத்திரியில அட்டெண்டன்ட் வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம். இனிமே இன்டர்வியூ எல்லாம் மலாய்லதான் இருக்கும்னு கிராணி சொல்றாரு."

கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். அவர் சொன்னது சரியோ தவறோ எனக்குத் தெரியாது. நாடு மாறப்போகிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏற்பாடு செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. எனக்கே அந்த மலாய் தெரியாது.

3. லெட்சுமியின் நிபந்தனை

எங்கள் ஹாலுக்குப் பின்னால் கம்போங் செட்டி, தலைமுறைகளாக மலாக்காவில் வாழும் இந்துச் செட்டிகளின் குடியிருப்பு. அங்கே லெட்சுமி என்று ஒரு பெண், வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். சாரோங் கெபாயா உடுத்தி, நெற்றியில் பொட்டு வைத்து, தினமும் சைக்கிளில் எங்கள் வேலியைக் கடந்து போவாள். நான் தமிழில் வணக்கம் சொன்னால் சிரித்துக்கொண்டே மலாயில் பதில் சொல்வாள். செட்டி வீடுகளில் சாமியும் சடங்கும் தமிழ் இந்துக்களுடையவை, பேச்சு மட்டும் மலாய்.

அவளை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். மலாயும் இங்கிலீஷும் கலந்து அவள் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"எங்க வீட்டு மலாய் வேற. நாங்க 'நான்'னு சொல்ல 'குவா' சொல்வோம். இன்டர்வியூவில அப்படிச் சொன்னா வாசல் வரைக்கும் வழி காட்டுவாங்க. ஆனா ஆபீஸ் மலாயும் எனக்குத் தெரியும், தினமும் அதைத்தானே டைப் அடிக்கிறேன். வரேன். ஒரே ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க."

"நான் மொழி சொல்லித்தரேன். நீங்க எனக்கு ஒண்ணும் சொல்லித்தர வேண்டாம்."

மதம் பேசக் கூடாது என்கிறாள், புரிந்தது. சரி என்றேன்.

முதல் வகுப்புக்கு ராகேல் நான்கு பேரோடு வந்தாள். டவுன் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். டாக்டரும் நோயாளியும் பேசுவது அன்றைய பாடம். சாமுவேல் நோயாளி. தலை வலிக்கிறது என்று சொல்ல வேண்டியவன், 'கெப்பாலா' என்பதற்குப் பதில் 'கெலாப்பா' என்று சொல்லிவிட்டான். அதாவது, டாக்டர், எனக்குத் தேங்காய் வலிக்கிறது. முதலில் சிரித்தவள் ராகேல்தான். "எந்தத் தேங்காய், மரத்து மேலயா கழுத்து மேலயா?" என்று மலாயிலேயே கேட்டாள். சாமுவேல் முகம் சிவந்தது, பிறகு அவனும் சிரித்தான். தோட்டத்துக்கு வரும் மலாய் மீன்காரரோடு தினம் பேசிப் பழகிய ராகேலுக்கு, கேம்பிரிட்ஜ் எழுதிய சாமுவேலைவிட மலாய் நன்றாக வந்தது. அன்று அந்த ஹாலில் பெரியவர், சிறியவர் என்று யாரும் இல்லை. எல்லாரும் தப்பாகப் பேசினார்கள்.

4. பூட்டு

நான்காவது வாரம் ஹாலில் பூட்டுத் தொங்கியது. சாவி தேவதாசனிடம்.

"பொட்டு வெச்ச பொண்ணு நம்ம ஹால்ல பாடம் நடத்துறதா சபையார் வருத்தப்படறாங்க, மிஸ். கமிட்டி கூடற வரைக்கும் நிறுத்தி வைங்க."

"நிறுத்தினா தோட்டத்துப் பிள்ளைங்க மறுபடி வர மாட்டாங்க, ஐயா."

"உங்க ஆறு மாசம் இன்னும் முடியல. அதை ஞாபகம் வெச்சுக்கங்க."

அதற்குள் லாரி வந்துவிட்டது. ராகேலும் மற்றவர்களும் இறங்கிப் பூட்டைப் பார்த்தார்கள். ஒருத்தி திரும்ப லாரிப் படியில் கால் வைத்தாள். மறுபடியும் வெளியே நிற்கிறோம் என்று அவர்கள் நினைப்பது எனக்குத் தெரிந்தது. வேலை போனாலும் போகட்டும், இவர்களை இன்று திருப்பி அனுப்ப மாட்டேன் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன். லெட்சுமியைப் பார்த்தேன். அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, "எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள்.

இருபது பேரும் கம்போங் செட்டிக்குள் நடந்தோம். லெட்சுமியின் அப்பா வாசலுக்கு வந்து, "மாசோக், மாசோக்" என்று உள்ளே அழைத்தார். அவள் அம்மா பாய்களை விரித்தார். சாமி படத்துக்கு நேரே யாரும் கால் நீட்ட வேண்டாம், அவ்வளவுதான் என்று லெட்சுமி சொன்னாள். ஆறு வாரம் அங்கேதான் வகுப்பு நடந்தது. மூன்றாவது வாரமே யாருக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம், யாருக்கு முழங்கால் வலிக்கும், சுவரோரம் இடம் வேண்டும் என்பதெல்லாம் அந்த அம்மாவுக்கு அத்துப்படி. நான் தைத்த திரைகளை எண்ணி வெட்கப்பட்டேன்.

ஐந்தாவது வாரம் எங்கள் போதகர் வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்தேன். கடைசிப் பாயில் உட்கார்ந்தார். லெட்சுமி அவரையும் விடவில்லை, ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னாள். தப்பாகச் சொன்னார். ராகேல் திருத்தினாள்.

கமிட்டிக் கூட்டத்தில் அவர் பேசியது கொஞ்சம்தான். "நம்ம பிள்ளைங்களை அடுத்த வீட்டுக்காரங்க பாய் போட்டு உட்கார வெச்சிருக்காங்க. நாம ஹாலைப் பூட்டி வெச்சிருக்கோம். அடுத்த ஞாயிறு உபசரிப்பைப் பத்திப் பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வராது."

தேவதாசன் சாவியை மேசையில் வைத்தார். "எனக்குச் சம்மதம் இல்ல. ஆனா நான் தடுக்கல" என்றார்.

5. அறிக்கை

ராகேலுக்கு ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் கேட்டது மூன்றே கேள்விகள், மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னதாக வந்து சொன்னாள். ஆனால் ஷிப்ட் வேலை. சனிக்கிழமைகளில் அவளால் வர முடியவில்லை. யாருக்காக இத்தனையும் செய்தேனோ அவளே இல்லாத ஹாலில் முதல் இரண்டு வாரம் எனக்கு மனசே ஓடவில்லை. அதைச் சொல்ல நேரமும் இல்லை. தோட்டத்து லாரி இப்போது நிறைந்து வந்தது. அதில் இந்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். பிங்-பாங் மேசைக்கும் வேலை வந்தது.

ஆறு மாதம் முடிந்து அறிக்கை கொடுத்தேன். படிவத்தில் ஒரு கேள்வி: வாலிபர் ஊழியத்தால் சபையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? லெட்சுமிக்குக் கொடுத்த வாக்கு எல்லாருக்கும் சேர்த்துத்தான் என்று நான் வைத்துக்கொண்டிருந்தேன். 'ஒருவரும் இல்லை' என்று எழுதினேன்.

தேவதாசன் அதைக் கமிட்டி முன் சத்தமாகப் படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஒருத்தரும் இல்லன்னு எழுதியிருக்கீங்க."

"கேள்விக்குப் பதில் அதுதான், ஐயா."

"கூட்டிச் சொல்லியிருக்கலாமே? யார் சரி பார்க்கப் போறாங்க?"

"வந்தவங்களுக்குத் தெரியும், ஐயா."

காகிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். "புது வருஷமும் வகுப்பு சனிக்கிழமைதானே? என் மகளுக்கு மலாய் வரல" என்றார்.

முப்பத்தோரு வருஷம் அந்த வேலையில் இருந்தேன். இப்போது வாலிபர் ஊழியத்துக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது எல்லாம் ஹாலை எப்படி அமைப்பது, என்ன விளையாட்டு வைப்பது என்றுதான். நான் சொல்வது இது. வந்தவர்களை எண்ணுவதை நிறுத்துங்கள். வராமல் போனவர் வீட்டுக்கு நடந்து போங்கள். அவர் வேண்டுமென்று சொல்வது உங்களுக்குத் தெரியாத வேலையாக இருக்கும். அதைச் செய்யுங்கள்.