இறக்கத்தில் வெங்

டெல்பின் மக்காராயெக் பயந்த சுபாவம். மரிகினா நகரில் ஞாயிறு தவறாமல் மலைக்குச் சைக்கிள் மிதிக்கிற கூட்டம் முழுக்க அது தெரியும். ஏற்றத்தில் எல்லோரையும் போல மூச்சு வாங்க ஏறிவிடுவான். இறக்கம் வந்தால் இரண்டு பிரேக்கையும் நசுக்கிப் பிடித்துக்கொண்டு, சவ ஊர்வலத்தில் நடக்கிறவனைப் போல இறங்குவான். முன்னால் போனவர்கள் கீழே கஞ்சிக் கடையில் ஆளுக்கு ஒரு கிண்ணம் குடித்து முடித்த பிறகுதான் அவன் தலை தெரியும். 'ப்ரேனோ' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் பேச்சில் பிரேக்குக்கு அதுதான் பெயர்.

"டேய், ப்ரேனோ வந்துட்டான்! இன்னொரு கிண்ணம் ஊத்து. பாவம், பிரேக்கைத் தின்னுட்டு வந்திருக்கான்."

அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் பயம் நிஜம்.

சைக்கிள் கட்டுவது வேறு விஷயம். அதில் அவனுக்குத் துளியும் பயம் கிடையாது. தன் முடிதிருத்தும் கடையின் பின்பக்கத்தில் ஒரு மேசை போட்டு, கப்பலில் ஜப்பானிலிருந்து வந்து இறங்கும் பழைய சைக்கிள் சட்டங்களை வாங்கிவந்து துரு சுரண்டி, சாயம் அடித்து, ஒவ்வொரு பாகமாகப் பூட்டுவான். தைவானிலிருந்து கியர், இத்தாலியிலிருந்து பிரேக், ஜப்பானிலிருந்து சக்கரக் குடம். பார்சல் வந்த அன்று சவரம் செய்துகொள்ள வருகிறவர் காத்திருக்க வேண்டியதுதான்.

அவன் கட்டியதிலேயே அழகானது மனைவி ரொவீனாவின் சைக்கிள். அவளை எல்லோரும் வெங் என்று கூப்பிடுவார்கள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. ஊரடங்கில் ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டிகள் ஓடாமல் போனபோது வேலைக்குப் போவதற்காக முதல்முறை சைக்கிளில் உட்கார்ந்தவள், பிறகு இறங்கவே இல்லை. இறக்கத்தில் அவளை யாராலும் பிடிக்க முடியாது. உடம்பை மடக்கி, தாடையைத் தாழ்த்தி, கல் விழுவது போல விழுவாள். டெல்பின் அதைப் பார்க்கமாட்டான். அந்த நேரத்தில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான்.

அந்தச் சைக்கிளுக்கு அவன் கடைசியாகப் போட்டது கார்பன் ஃபோர்க். முன்சக்கரத்தைத் தாங்குகிற பழைய இரும்பு ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு, சீனாவிலிருந்து வரவழைத்த கருப்பு ஃபோர்க்கைப் பூட்டினான். கையில் எடுத்தால் காய்ந்த மூங்கில் போல எடையே இல்லை. அதன் கழுத்துக்குழாய்க்குள் முட்டுக் கொடுக்க நீளமான அலுமினியக் கட்டை ஒன்றும் கூடவே வந்திருந்தது. அது கனமாக இருக்கிறதென்று ஒதுக்கிவிட்டு, கட்டைவிரல் நுனி அளவில் வேறொரு சின்ன அடைப்பானை வாங்கிப் போட்டான்.

"ஒரு முட்டை எடை குறைஞ்சிருச்சு, வெங்."

"முட்டையை நான் காலைலயே தின்னுட்டேன். மொத்தத்துல ஒண்ணும் குறையல, போ."

சில வாரம் கழித்து அவள் சொன்னாள்: "டெல், முன்னாடி என்னமோ டிக் டிக்குன்னு கேக்குது. ஹேண்டிலை இழுத்து மிதிச்சா கேக்குது."

அவன் ஆலன் கீயை எடுத்து, ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கவ்வியின் திருகாணிகளை இறுக்கினான். சத்தம் நின்றது. பிறகு மறுபடி வந்தது. இன்னும் பலமாக இறுக்கினான்.

அடுத்த ஞாயிறு விடியலில் வெங் கூட்டத்தோடு தானாய் என்ற ஊரின் மலைப்பக்கம் கிளம்பினாள். டெல்பின் போகவில்லை. அன்று கடையைத் திறக்கச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தார்கள். முதல் ஆளாக மாங் இசகானி நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்துத் தெருவில் எரிவாயு உருளை போடுகிறவர், அறுபதைத் தொட்டவர், வாய் ஓயாதவர். இடது பக்கம் முழுக்க மெஷின் ஓட்டி முடித்து வலது பக்கம் திரும்பும்போது டெல்பினின் போன் தொடர்ந்து அதிர்ந்தது. சைக்கிள் கட்டுகிறவர்களின் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள்.

வேறு யாருடையதோ சைக்கிள்; கழுத்தோடு முறிந்த அதே கருப்பு ஃபோர்க். ஹேண்டில் தனியே கிடந்தது. முறிந்த குழாய்க்குள் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு சின்ன அடைப்பான். கீழே எழுதியிருந்தது: கவ்வி நெரிக்கிற இடத்தில் உள்ளே முட்டு இல்லை, குழாய் நசுங்கி விரிசல் விட்டிருக்கிறது, முதலில் டிக் டிக்கென்று சத்தம் வரும், ஓட்டியவருக்குத் தாடை நொறுங்கி அறுவைச் சிகிச்சை.

டெல்பின் கையில் மெஷின் வெறுங்காற்றில் உறுமிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, தூங்கிட்டியா?"

அவன் போனில் வெங்கைக் கூப்பிட்டான். தொடர்பு கிடைக்கவில்லை. மலையில் எப்போதுமே கிடைக்காது. கூட்டத்தை நடத்திப்போகிற அர்சேனியோவைக் கூப்பிட்டான். அதுவும் கிடைக்கவில்லை.

"மாங், உங்க மோட்டார் சைக்கிள் வெளிய நிக்குதா?"

"நிக்குது. எதுக்கு?"

"வெங் செத்துருவா, மாங்."

மாங் இசகானி கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தார். கழுத்துத் துணியை உருவிப் போட்டுவிட்டு, பாதித்தலை மொட்டையும் பாதித்தலை முடியுமாக எழுந்தார். "வழியில சொல்லு. ஏறு."

கோகியோ தாண்டி மலைச்சாலை தொடங்கியதும் டெல்பின் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான். கிழவரின் ஹெல்மெட்டுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் முடி காற்றில் பறந்தது. லாரிகளை உரசிக்கொண்டு போனார். வேறு நாளாக இருந்தால் டெல்பின் அலறி இறங்கியிருப்பான். அன்று அவர் முதுகில் குத்தினான்.

"இன்னும் வேகமா, மாங்."

"இதுக்கு மேல போனா வண்டி கழண்டுரும்டா!"

"கழண்டா கழலட்டும்!"

எதிரே சைக்கிள்காரர்கள் இறங்கி வரத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு தலையாகப் பார்த்தான். ஒவ்வொன்றும் வெங் போலவே தெரிந்தது, கிட்டே வந்ததும் வேறாளாக மாறியது. ஒரு வளைவில் கூட்டமாய் ஆட்கள் நின்றிருந்தார்கள். பார்த்தால் யாரோ வாழைப்பழம் விற்கிறார்கள், அவ்வளவுதான். மனம் மட்டும் நிற்கவில்லை. அவள் தாடை, பல், சாலையில் கிடக்கும் ஹேண்டில் என்று ஒன்று மாற்றி ஒன்று கண்முன் வந்தது. 'சத்தம் கேக்குது'ன்னு அவ சொன்னா. நான் இறுக்கினேன். ரெண்டு தடவை இறுக்கினேன்.

போசோபோசோ என்ற ஊருக்கு மேலே அர்சேனியோ எதிரே வந்தான். டெல்பினைக் கண்டதும் கையை ஆட்டினான்.

"டேய் ப்ரேனோ! மோட்டார்ல வந்தாலும் பின்னாடிதானா?"

"வெங் எங்க?"

"மேல பாலத்துக்கிட்ட படம் எடுத்துட்டு இருந்தா. வந்துருவா, அவளுக்கென்ன..."

அவன் சொல்லி முடிக்கவில்லை. மஞ்சள் சட்டை ஒன்று மேல் வளைவிலிருந்து கிளம்பியது. தாடையைத் தாழ்த்தி, உடம்பை மடக்கி, அவர்களைக் கடந்து கீழே பாய்ந்தது. டயர் உருளும் சத்தம் மட்டும் மிச்சம். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"திருப்புங்க!"

மாங் இசகானி சாலையின் குறுக்கே வண்டியைச் சாய்த்துத் திருப்பினார். அப்போதுதான் டெல்பினுக்குப் பொறி தட்டியது. முன்னால் போய் மறித்தால் அவள் பதறி முன் பிரேக்கைப் பிடிப்பாள். பிடித்தால் மொத்த எடையும் முன்னால் சாயும். அந்தக் கழுத்து அங்கேயே முறியும். நிறுத்தாமல் விட்டாலும் முறியும்.

"மாங், முன்னாடி போகாதீங்க. பக்கத்துல போங்க. மெதுவா ஒட்டிப் போங்க. ஹாரன் அடிச்சிராதீங்க."

"இந்த வேகத்துல மெதுவான்னா எப்படிடா?"

அடுத்த நேர்சாலையில் அவளுக்கு இணையாக வந்தார்கள். வலது பக்கம் பள்ளம், தடுப்புக் கம்பி பாதி இடத்தில் இல்லை. வெங் திரும்பிப் பார்த்தாள். கணவனையும் ஒரு பக்கம் மட்டும் முடி பறக்கிற கிழவரையும் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"டெல்! நீயா இந்த வேகத்துல!"

"வெங், நான் சொல்றதைக் கேளு. முன் பிரேக்கைத் தொடாத. விரலை எடு. எடுத்துட்டியா?"

அவன் குரலைக் கேட்டு அவள் சிரிப்பு அணைந்தது. விரலை எடுத்தாள்.

"பின்னாடி நகந்து உக்காரு. ஹேண்டில் மேல சாயாத. கையைச் சும்மா மேல வை, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. இப்ப பின் பிரேக்கை மட்டும். கொஞ்சம் கொஞ்சமா."

"என்ன ஆச்சு, டெல்?"

"அப்புறம். பள்ளத்தைப் பாக்காத. என்னைப் பாக்காத. ரோட்டைப் பாரு."

முன்னால் சாலையில் ஒரு ஒட்டுப்போட்ட மேடு தெரிந்தது. அவனுக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மூடவில்லை. அவள் அதன்மேல் ஏறி இறங்கினாள். 'டக்'கென்று ஒரு சத்தம் அவனுக்கே கேட்டது. ஹேண்டில் ஒரு பக்கமாகக் கோணியது. வெங் வாய்விட்டுக் கத்தினாள், ஆனால் கையை இறுக்கவில்லை. பின்சக்கரம் கிறீச்சிட்டு வழுக்கியது. வண்டி தளர்ந்து, தளர்ந்து, ஓரத்துப் புல்லில் ஏறி, ஆள் ஓடுகிற வேகத்துக்கு வந்தது. அவள் காலை ஊன்றிப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். முழங்கை சிராய்த்தது. வேறொன்றுமில்லை.

டெல்பின் ஓடிப்போய் சைக்கிளைத் தூக்கினான். ஹேண்டில் மட்டும் அவன் கையோடு வந்துவிட்டது. பிரேக் கம்பிகளில் மற்றது தொங்கியது. முறிந்த இடத்தில் கரிய நார்கள் துடைப்பக்குச்சி போலச் சிலிர்த்து நின்றன.

வெங் புல்லில் உட்கார்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நான்தான் வெங். அந்தக் கனமான கட்டையை எடுத்துட்டேன். நீ சத்தம்னு சொன்னப்பவும் கழட்டிப் பாக்கல. இறுக்கிவிட்டேன்."

"முட்டை," என்றாள் அவள்.

"என்ன?"

"ஒரு முட்டைக்காகவாடா?"

அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மாங் இசகானி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த சைக்கிள்காரன் ஒருவன் அவர் தலையைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போனான்.

அதற்குப் பிறகு டெல்பினால் வெகுநாள் ஆலன் கீயைத் தொட முடியவில்லை. வெங்கின் சைக்கிள் சுவரில் முகமில்லாமல் தொங்கியது. ஒருநாள் அவளே சைக்கிள் பாகங்கள் விற்கிற கர்த்திமார் சந்தைக்குப் போய், தடித்த இரும்பு ஃபோர்க் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்து அவன் மேசைமேல் வைத்தாள்.

"நீ பூட்டு."

"என்னால முடியாது, வெங்."

"நான் பூட்டறேன், நீ பக்கத்துல நின்னு சொல்லு. எது தப்பானாலும் கத்து. கத்தறதுதான் உனக்கு நல்லா வருதே."

அவள் பூட்டினாள். அவன் ஒவ்வொரு திருகுக்கும் கத்தினான். இறுக்கத்தை அளந்து காட்டும் கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்து இரண்டு முறை சரிபார்க்க வைத்தான். கழற்ற வைத்து, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி பூட்ட வைத்தான். அவள் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் அதே மலைக்குக் கிளம்பினாள். போகாதே என்று சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை. கடையைச் சாத்திவிட்டுத் தானும் கிளம்பினான். உச்சியிலிருந்து அவள் உடம்பை மடக்கிக் கல் போல இறங்கியபோது, அவன் முதல்முறையாக முகத்தைத் திருப்பாமல் அவள் வளைவில் மறையும்வரை பார்த்தான். பிறகு இரண்டு பிரேக்கையும் நசுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினான்.