தாலியைச் சந்தேகித்த ஏட்டு

என் வீட்டுக்காரர் சிலோன்காரர். என் பிரசவத்துக்கு வேப்பம்பட்டுக்கு வர டூரிஸ்ட் விசா கேட்டிருந்தார். அதை விசாரிக்க ஓர் ஏட்டு வந்தார். அம்மைத் தழும்பு முகம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் என் வாசலில் வெற்றிலை எச்சிலைத் துப்பினார்.

"நெசமாவே அவன் உன் புருஷன்தானா?"

தாலியை எடுத்துக் காட்டினேன்.

"இன்னாமே இது? நம்ம பக்கத்துல இந்த மாதிரி தாலியே கிடையாதே! கடையில வாங்கி மாட்டிக்கினியா?"

"நம்ம பக்கத்து ஆளா இருந்தா அவருக்கு இன்னாத்துக்கு விசா, ஏட்டையா?"

முறைத்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்.

விசா கிடைத்தது. பிள்ளை பிறந்த மறுநாளே ஏட்டு மறுபடியும் வந்தார். பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரிடம், "இன்னா டூரிஸ்ட்டு, சுத்திப் பாத்தாச்சில்ல? எப்ப கெளம்புற?" என்றார்.

நாங்கள் அவருக்கு என்ன கெடுதல் செய்தோமோ, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.