டயர்ப் பால்

ஊசியை டயருக்குள் இறக்கிவிட்டுக் கன்னையன் கண்ணை மூடிக்கொள்கிறான். வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி, ஐந்தில் பிடுங்குகிறான். ‘புஸ்’ஸென்று சின்னதாக ஒரு சத்தம். துளையில் கடுகளவு வெள்ளைத் துளி எட்டிப் பார்க்கிறது. சத்தம் நின்றுவிடுகிறது. உடனே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பார்த்து, “காத்து எங்கீங்க போச்சு? போகலீங்க! உள்ளதானுங்க இருக்குது!” என்கிறான். நல்லூர் பஸ் நிறுத்தத்தில் தினமும் காலை ஏழரை மணிக்கு இந்தக் கூத்து. பார்த்தவர்களே மறுபடியும் பார்க்கிறார்கள். வேடிக்கையில் பஸ்ஸைக் கோட்டை விட்டவர்களும் உண்டு.

எண்பத்தெட்டில் அவன் பஞ்சர் கடை போட்டபோது அந்தத் தெருவில் நாலு பனியன் கம்பெனி இருந்தது. இந்த ஐந்து வருஷத்தில் வீட்டுக்கு வீடு மெஷின் வந்துவிட்டது. தைக்கிற மெஷினில் ஒடிந்த ஊசியும் பின்னுகிற மெஷினில் கொக்கி போன ஊசியும் பஞ்சுத் தூசியோடு பெருக்கித் தெருவில் தள்ளப்படுகின்றன. காலையில் அதன்மேல் நூற்றுக்கணக்கில் சைக்கிள் ஏறுகிறது. டயரிலிருந்து பிடுங்கிய ஊசியைக் கன்னையன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஜாதகமே கணித்துவிடுவான். “இது மூணாஞ் சந்து ஓவர்லாக் ஊசிங்க. அந்த ஊட்டுக்காரம்மா இன்னைக்குத்தான் வாசல் கூட்டியிருக்குது.” விசாரித்தால் சரியாகத்தான் இருக்கும்.

பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிறவன், பஞ்சரே ஆகாமலிருக்க மருந்து கண்டுபிடிப்பானா? கன்னையன் கண்டுபிடித்தான். காங்கேயத்துக்கு எண்ணெய் ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருவர், பம்பாயில் வாங்கியது என்று பச்சைத் திரவம் ஒன்றைக் காட்டினார். டியூபுக்குள் ஊற்றினால் ஓட்டை தானே அடைபடுமாம். அன்றிலிருந்து கன்னையனுக்குச் சோறு இறங்கவில்லை. “நாமளே காச்சிப் பாத்தா என்னங்க?” என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டான்.

முதலில் மைதாவைக் காய்ச்சினான். போஸ்டர் ஒட்டுகிற பசை ஓட்டையை அடைக்காதா என்பது அவன் நினைப்பு. அதில் பஞ்சுத் தூசியைக் கலந்து, எதிர்ச் சந்துக் கம்பெனியின் வாட்ச்மேன் காசிமாயனின் சைக்கிளுக்கு ஏற்றினான். காசிமாயன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், நம்பிவிட்டால் தலையையே கொடுக்கிறவர். சித்திரை வெயிலில் பசை புளித்துப் பொங்கியது. மூன்றாம் நாள் மத்தியானம் கம்பெனி கேட்டில் டயர் வெடித்த வெடியில் தையல் ஹால் மொத்தமும் வெளியே ஓடி வந்தது. “அடேய் கன்னையா, எவனோ குண்டு போட்டுட்டான்னு விசிலை ஊதிப்புட்டேன்டா!” என்று வந்து நின்றவரின் காக்கிச் சட்டையெல்லாம் புளித்த பசை. கன்னையன் மன்னிப்புக் கேட்கப் போய்ச் சிரித்துவிட்டான். அவரும் சிரித்துவிட்டார்.

அடுத்த முறை பாலக்காட்டிலிருந்து ரப்பர் பால் வரவழைத்தான். பஞ்சையும் கண்டபடி எடுப்பதில்லை. பாலியஸ்டர் கலந்த தூசி ஊறாது, ஓட்டையில் நிற்காது. ஒரு சிட்டிகை கிள்ளித் தீக்குச்சி காட்டுவான். காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி, உருகிச் சொட்டினால் குப்பைக்கு. பாலையும் பஞ்சையும் கலக்கிப் பழைய பனியனில் வடிகட்டி, மாட்டு டாக்டர் போடுகிற பெரிய ஊசிக்குழாயில் உறிஞ்சி, வால்வைக் கழற்றிவிட்டு டியூபுக்குள் ஏற்றினான். நின்றது! ஊசி ஏறியும் காற்று உள்ளேயே நின்றது. அன்றைக்குக் கடை வாசலில் அவன் போட்ட ஆட்டத்தைப் பற்றி நல்லூரில் இன்றும் பேசுகிறார்கள். டயர்ப் பால் என்று ஊரே அதற்குப் பேர் வைத்துவிட்டது. பால்காரர், தபால்காரர், டெய்லர்கள் என்று ஆளாளுக்கு வரிசையில் நின்று ஏற்றிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு சைக்கிளுக்கு மட்டும் அவன் ஏற்றவில்லை. அது மயிலாளின் சைக்கிள்.

மயிலாள் முதலிபாளையத்திலிருந்து காசிமாயன் காவலிருக்கும் அதே கம்பெனிக்கு வருகிறவள். நாலு வருஷமாக, துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறாள். இரண்டு தம்பிகளை ஆளாக்கி நிமிர்ந்தபோது வயசு இருபத்தெட்டு ஆகிவிட்டது. கன்னையனுக்கு முப்பத்து மூன்று. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் அவன் கை நகத்து மசியைப் பார்த்தே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். பத்து நாளைக்கு ஒருதரம் மயிலாளின் பின்டயரில் ஊசி ஏறும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். ஒட்டுப் போட்டு முடிக்க இருபது நிமிஷம். “சொல்யூசன் காயோணுங்க, அவசரப்பட்டா ஆகாதுங்க” என்று அவன் ஊதுவான், மறுபடியும் ஊதுவான். அவள் சூப்பர்வைசர் நடப்பதுபோல் நடந்து காட்டுவாள். அவன் டியூபைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டுச் சிரிப்பான். அந்த இருபது நிமிஷம்தான் அவனுக்குப் பொங்கல், தீபாவளி எல்லாம். டயர்ப் பாலை ஏற்றிவிட்டால் அவள் எதற்குக் கடைக்கு வரப்போகிறாள்?

“ஏனுங்க, ஊருக்கெல்லாம் ஊத்தறீங்க. எனக்கு மட்டும் ஏனுங்க ஊத்த மாட்டீங்கறீங்க?” என்று அவளே கேட்டாள்.

“உங்க டியூப்பு பழசுங்க. பால் சேராதுங்க.”

அடுத்த வாரம் புது டியூபோடு வந்தாள்.

“புதுசுக்கு உடனே ஊத்தப்படாதுங்க. சித்தெ பழகோணும்.”

இதைச் சொல்லும்போது அவன் காது மடல் சிவந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொன்னால் அப்படித்தான். மயிலாள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

காசிமாயன்தான் வந்து அவன் தலையில் குட்டினார். “நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா? அந்தப் புள்ள இந்த மாசம் மூணு தடவ லேட்டு. இன்னொருக்கா லேட்டா வந்தா மெசினை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு சூப்பர்வைசரு சொல்லிப்புட்டாரு. உன்கிட்ட மருந்து இருக்கு. ஊத்தாம வச்சுக்கிட்டு என்னத்தப் பண்ற?”

இருபது நிமிஷச் சிரிப்புக்காக ஒருத்தியின் வேலையையே காவு கொடுக்கப் பார்த்தோமே என்று கன்னையனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. மறுநாள் காலை ஏழேகாலுக்கே ரோட்டில் நின்று அவள் வண்டியை மறித்தான். வேறு யாருக்கும் ஏற்றாத அளவுக்கு, டயருக்கு இரண்டு குழாய் பால். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே பஞ்சரே ஆகாதுங்களா?”

“ஆகாதுங்க.”

“எத்தனை நாளைக்குங்க?”

“ஒரு வருசத்துக்குத் தாங்குமுங்க.”

“ஒரு வருசமுங்களா!” என்றாள். அப்புறம் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் சைக்கிள் நிற்கவேயில்லை. காலையில் மணியடித்துக்கொண்டு போனாள், சாயங்காலம் மணியடித்துக்கொண்டு திரும்பினாள். ஒருநாளும் லேட் இல்லை. “சூப்பர்வைசரே அசந்துட்டாரு” என்று காசிமாயன் சொன்னார். கன்னையனுக்குச் சந்தோஷம்தான், சந்தோஷமில்லாமல் என்ன? ஆனாலும் ஊசியை இறக்கிவிட்டு ஐந்து வரை எண்ணுகிற மனுஷன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஒன்பது, பத்து என்று போனான். “அண்ணே, பஸ் வந்துருச்சுங்க, ஊசியப் புடுங்குங்க!” என்று கூட்டம் கத்தியது. தன் மருந்து இத்தனை நன்றாக வேலை செய்ய வேண்டுமா என்று அவன் வாய்விட்டே புலம்பினான்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. கன்னையன் ரப்பர் பாலைக் கலக்கிக்கொண்டிருந்தான். மயிலாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கடை முன்னால் நிறுத்தினாள். கட்டியிருந்தது வேலைக்குக் கட்டுகிற சேலை இல்லை.

பால் தோற்றுவிட்டதா? கன்னையன் ஓடிவந்து பின்டயரை அழுத்திப் பார்த்தான். கல்லுமாதிரி இருந்தது. முன்டயரும் அப்படியே.

“காத்து இருக்குதுங்களே!” என்றான்.

“இருக்குதுங்களா?”

மயிலாள் வண்டிக்கு ஸ்டாண்டைப் போட்டாள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து, வால்வின் மறையைத் திருகி, வால்வைப் பிடுங்கினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. வெள்ளைப் பால் அவள் சேலையிலும் அவன் முகத்திலும் தெறித்தது. டயர் சப்பையாகும் வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“இப்ப இல்லீங்க” என்றாள். பிடுங்கிய வால்வை முந்தானையில் வைத்து இறுக்கி முடிந்துகொண்டு, கடையிலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.