பெட்டியோடு வேண்டும் என்று கேட்ட மெரில்

பர்னி ஊர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் மெரில் ஹாக்கெட்டுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். இன்னும் பிறக்காத வீடியோ கேம்களுக்கு முன்கூட்டியே பணம் அனுப்பிவிடுவாள். இணையத்தில் யாராவது நாலு படத்தைப் போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் செய்து முடிப்போம் என்று கேட்டால் போதும், மனசு இளகிவிடும். அப்படிக் கொடுத்ததில் பாதி வந்து சேர்ந்தது. இரண்டு பேர் கம்பி நீட்டினார்கள். ஏமாந்த கதையையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். இப்படியும் ஒரு மனுஷி!

ஆனால் ஒரு மீன்பிடி கேமுக்குக் கொடுத்தது விளையாட்டுக்காக அல்ல, தம்பி டெஸ்ஸுக்காக. பக்கவாதத்தில் அவனுடைய இடது கை விழுந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அக்காவோடு மல்லுக்கட்டி கேம் ஆடியவன், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பேச்சும் குறைந்துபோனது. டுனிடின் நகரில் இரண்டு பெண்கள் ஒரே கையால் ஆடக்கூடிய அந்த மீன்பிடி கேமைச் செய்யப்போவதாக அறிவித்த அன்றே மெரில் பணம் கட்டினாள்.

அடுத்த வருஷம் என்றார்கள். நாலு வருஷம் ஆனது. பணம் கட்டியவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் வசை மழை. ‘துருப்பிடித்த ஆணி’ என்ற பெயரில் ஒருவர் எல்லோருக்கும் மேலே போய்விட்டார்.

"நம்ம காசுல அவளுங்க ஊர் சுத்துறாளுங்க. இந்த மெரில் மாதிரி ஏமாளிங்க இருக்குற வரைக்கும் அவளுங்களுக்கு என்ன கவலை?"

"கடையில சாமானா வாங்குன? அவங்க முயற்சிக்குத்தானே குடுத்த! பொறுக்க முடியலன்னா போய் பூனை வளரு" என்று மெரிலும் விடாமல் எழுதினாள்.

ஒருவழியாக ஜூலையில் கேம் பெட்டி வந்தது. காரை நேரே டெஸ் வீட்டுக்கு விட்டாள். வரைபடம், துணிச் சின்னம், டிஸ்க் எல்லாம் அழகாக இருந்தன. டெஸ் தன் கேம் மெஷினைத் திருப்பிக் காட்டினான்.

"அக்கா, இதுல டிஸ்க் போடுற இடமே கிடையாதே."

மெரிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இணையத்திலிருந்து கேமை இறக்கிக்கொள்ள ஒரு கோடு நம்பர் வேண்டுமா, பெட்டியோடு டிஸ்க் வேண்டுமா என்று அந்தப் பெண்கள் கேட்டபோது, அலமாரியில் பெட்டிகளை அடுக்கும் ஆசையில் அவள்தான் டிஸ்க் என்று குறித்திருந்தாள். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால், கேம் கடைக்கு வர இன்னும் மூன்று மாதம் இருந்தது.

"விடுக்கா. எனக்கு இனிமே இதெல்லாம் எதுக்கு?" என்று டெஸ் எழுந்து போனான். மூன்று மாதத்தில் அவன் முழுக்கக் கைகழுவிவிடுவான் என்று அவளுக்குப் பயம் வந்தது. வெட்கத்தை விட்டு அந்த இணையப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினாள்.

ஒரு மணி நேரத்துக்குள் அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் துருப்பிடித்த ஆணி!

"என் கோடு நம்பர் இதோ. உன் டிஸ்க்கை மெதுவா அனுப்பு, அனுப்பாட்டியும் பரவால்ல. தம்பி ஆடட்டும். ஏமாளின்னு சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்."

முகம் தெரியாத அந்த மனிதரையும், டுனிடின் பெண்களையும் மெரில் வாயார வாழ்த்தினாள். கெஞ்சிக் கூத்தாடி டெஸ்ஸை உட்கார வைத்து, தானும் கூட ஆடினாள். அவனுக்கு முதல் மூன்று மீனும் நழுவிப்போனது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். கடைசியில், அக்கா பிடித்ததைவிடப் பெரிய ட்ரவுட் மீன் ஒன்றைக் கரைக்கு இழுத்துப் போட்டான்.

"ரெண்டு கையை வச்சுக்கிட்டு இவ்வளவுதானா நீ? இன்னொரு ஆட்டம் வர்றியா, இல்ல பயமா?"

நாலு வருஷமாக மெரில் இந்த வம்புக்குத்தான் காத்துக்கிடந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாடா பாத்துக்கலாம்" என்றாள்.