மூடுபனி உண்டா என்று சொன்ன கட்டம்

"ரூம் போட்டு அஞ்சு நிமிஷம் ஆகல. வேற லாட்ஜ்காரன் கூப்பிட்டு அதவிடக் கம்மிக்குத் தாரேங்கிறான். என் நம்பர வித்துட்டீங்களா?" போனில் கத்திய மதுரைக்காரரின் குரல் அலுவலக அறை முழுக்கக் கேட்டது. அந்த வாரத்தில் இப்படிக் கத்தியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. மேனேஜர் போனை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார்.

கொடைக்கானலில் அந்த விடுதியின் இணையதளத்தைக் கவனிப்பது என் வேலை. வருகிற முன்பதிவுகளைப் பார்ப்பது, நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர். பக்கத்துப் பள்ளங்கி கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. சாம்பாரில் உப்புக் கூடினாலும் சமையல்காரருக்கு உள்நோக்கம் கற்பிக்கிற மனிதர் எங்கள் மேனேஜர். அக்காவின் கொழுந்தன் டாக்ஸி ஓட்டுகிறார், டாக்ஸிக்காரர்கள் கமிஷனுக்கு லாட்ஜுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பார்கள் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. "கொழுந்தன்கிட்ட நம்பரக் குடுக்கிறது யாருன்னு தெரியாதா எனக்கு? இந்த வாரத்தோட நின்னுக்கம்மா" என்றார். "நான் குடுக்கல சார்" என்று அக்கா ஒரே ஒரு முறை சொன்னார். எனக்கோ மேனேஜர் மேலேயே சந்தேகம். இப்படிக் கூவுகிறவர்தான் விற்றிருப்பார் என்று தோன்றியது.

அன்று மத்தியானம் எங்கள் தளத்தைத் திறந்தேன். ஒரு பக்கம் எந்தெந்த முகவரிக்கு எதையெல்லாம் அனுப்புகிறது என்று வரிசையாகக் காட்டும் வசதி பிரவுசரிலேயே உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, பொய்ப் பெயரும் என் இன்னொரு செல் நம்பரும் கொடுத்து ரூம் போட்டேன். தகவல் எங்கள் சர்வருக்குப் போனது. கூடவே நான் கேள்விப்பட்டே இராத ஒரு முகவரிக்கும் பெயர், நம்பர், வருகிற தேதி எல்லாம் போயின. அனுப்பியது பக்கத்தின் ஓரத்தில் இருந்த 'இன்று மூடுபனி உண்டா?' என்ற சின்னக் கட்டம். மலைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தானே என்று, வத்தலக்குண்டில் யாரோ இலவசமாகக் கொடுத்ததை மேனேஜரே ஆசையாக வாங்கிவந்து போடச் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் செல் அடித்தது. "சார், கொடைக்கானல் வாறீங்களாமே, ரூம் வேணுங்களா?"

மேனேஜரைக் கூப்பிட்டுத் திரையில் எல்லாவற்றையும் காட்டினேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், அவ்வளவு அப்பாவி நான். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "இதுக்குள்ள எது எங்க போகுதுன்னு தெரிஞ்ச ஆளு இங்க நீ ஒருத்தன்தான். அப்ப இந்த வேலையச் செஞ்சதும் நீதான?"

தன் மேசையில் இருந்த அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டினார். "ஒங்களுக்குச் சந்தேகப்பட ஒரு ஆளு வேணும் சார். அது நானாவே இருந்துட்டுப் போறேன். தம்பிய விட்டுருங்க."

அந்தக் கட்டத்தை அன்றே எடுத்தேன். அழைப்புகள் நின்றன. பிறகு மேனேஜர் பள்ளங்கிக்கு ஆள் அனுப்பியும் அக்கா வரவில்லை. இன்று ஊர் ஊராக இணையதளங்களைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. அன்று அக்கா என்னை நம்பினார். நான் காட்டிய திரையை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.