அறுபது மில்லிஆம்பியர்

மின்தராசு செய்யும் அந்தப் பட்டறையில் அவருக்கு மீட்டரண்ணன் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகச் சோதனை மேசை அவருடையது. தப்பு எங்கே என்று கேட்டால் உடனே விரல் நீட்டுவார். அந்த விரல் தன் பக்கம் திரும்பியதாகச் சரித்திரமே கிடையாது.

போன மாதம் புதுவகைச் சிப்பு வந்தது. தராசுத் தட்டின் சிக்னலை எண்ணாக மாற்றுகிற சிப்பு. இரண்டு மில்லிஆம்பியர் மின்சாரம் இழுக்க வேண்டியது அறுபது இழுத்தது, தொட்டால் சுட்டது. சோதித்துப் பார்த்த ஐந்து சிப்பும் அப்படியே. மதியம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கொள்முதல் பார்க்கும் பெண்ணிடம் அண்ணன் சொன்னார்: "போலிச் சரக்கை உன் தலையில கட்டிட்டாங்கம்மா. கண்ணை மூடிக்கிட்டா வாங்கினே?"

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. முதலாளி அன்றே கொள்முதலைத் தன் மைத்துனரிடம் கொடுத்துவிட்டார்.

மைத்துனர் வேறு கடையில் வாங்கிய சிப்பும் சுட்டது. இன்று காலை அண்ணன் ஏதோ ஞாபகத்தில், சோதனைக்காகச் சிக்னல் தரும் பெட்டியைப் போட மறந்து, சிப்புக்கு முதலில் மின்சப்ளை கொடுத்துவிட்டார். மீட்டர் இரண்டு காட்டியது. பிறகு சிக்னலைப் போட்டார். அப்போதும் இரண்டுதான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தன் வழக்கப்படி முதலில் சிக்னல், அப்புறம் சப்ளை என்று போட்டார். அறுபது.

சிக்னல் பெட்டி நிதானத்துக்கு வரட்டும் என்று அதை முதலில் போடுவது அவர் பழக்கம். பழைய சிப்புகள் பொறுத்துக்கொண்டன. இது பொறுக்கவில்லை. சப்ளை இல்லாத நேரத்தில் சிக்னல் உள்ளே புகுந்தால், பிறகு சப்ளை வந்ததும் மின்சாரம் போகக்கூடாத வழியில் பாயும்; அணைக்கும்வரை நிற்காது. சிப்போடு வந்த தாளில் இது கொட்டை எழுத்தில் இருந்தது. அண்ணன் அதைப் பிரித்ததே இல்லை. அவமானத்தில் காது மடல் எரிந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. மதியம்வரை அப்படித்தான் இருந்தார், வெட்கங்கெட்ட மனுஷன். பிறகு சரக்கு அறையில் பெட்டிகளுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த அவளிடம் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சிப்பு நல்ல சிப்புதாம்மா. நான்தான் சுவிட்சை மாத்திப் போட்டேன். மனசுல வெச்சுக்காதே."

அவள் கையிலிருந்த சீட்டை ஒட்டி முடித்தாள்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்கண்ணே. இன்னிக்கு என்கிட்ட மட்டும் சொல்றீங்க."

அண்ணனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டு அறைவரை நடந்து, வாசலில் நின்றார். முதலாளியோடு சேர்த்து ஒன்பது பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றார். குரல் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னார்.